ஆட்டுக்காலா, நெஞ்செலும்பா, நாட்டுக்கோழியா? வீட்டில் யாருக்கு எந்த சூப்

போன ஐப்பசி மழையில் அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். வயது 71. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சாயங்காலமே பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "ஆட்டுக்கால் சூப் வச்சுக் கொடுங்க, எலும்பு சீக்கிரம் கூடிரும்." அதே மாதக் கடைசியில் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்கு நாட்டுக்கோழி சூப்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னார்கள். கறிக்கடை பாயோ, "ஏன்க்கா ரெண்டு பேருக்கும் ரெண்டு அடுப்பு வைக்கிறீங்க? நெஞ்செலும்பு வாங்கிட்டுப் போங்க, எல்லாருக்கும் ஆகும்" என்றார்.

மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். எது யாருக்கு, எது வீண் செலவு என்பதில் எனக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. ஆனால் அதற்கு முன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பல வீடுகளில் செய்கிறோம்.

முதல் மூன்று வாரம் அம்மாவுக்குத் தினமும் இரண்டு வேளை ஆட்டுக்கால் சூப் கொடுத்தேன். பெரிய டம்ளர் நிறைய. வயிறு நிறைந்துபோய் அவர் சாதம் பாதியாகக் குறைத்துக்கொண்டார், கூட்டு பொரியலைத் தொடவே இல்லை, பால் வேண்டாம் என்றார். "அதான் சூப் குடிக்கிறாரே" என்று நானும் விட்டுவிட்டேன். மறுபரிசோதனைக்குப் போனபோது எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாக சூப்பைச் சொன்னேன். "சூப் நல்லதுதான்மா. ஆனா முட்டை எங்கே, பால் எங்கே, பருப்பு எங்கே?" என்றார்.

எலும்பை வேகவைத்தால் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் இறங்கிவிடும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இறங்குவதில்லை. லண்டனில் மெக்கான்ஸ், ஷெல்டன், விட்டோசன் என்ற மூன்று பேர் 1934ல் இதையே அளந்து பார்த்தார்கள். அப்போது அங்கே குழந்தைகளுக்கு எலும்பும் காய்கறியும் போட்ட சூப் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எலும்பிலிருந்து வந்த சுண்ணாம்பு மிகக் குறைவு, சூப்பில் இருந்த தாதுச் சத்தில் பெரும்பங்கு காய்கறியால் வந்தது என்பதே அவர்கள் கண்டது. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே டம்ளர் எலும்பு சூப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே கடினம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று நம் ஊர்க் கணக்கு சொல்கிறது. எத்தனை டம்ளர் குடிப்பது?

அப்படியானால் சூப்பில் என்னதான் இருக்கிறது? எலும்பைச் சுற்றியிருக்கும் தோல், நரம்பு (சதையை எலும்போடு கட்டும் நாண்), குருத்தெலும்பு, மூட்டுச் சவ்வு எல்லாம் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. நீண்ட நேரம் வெந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். சூப் ஆறியதும் தயிர் போல உறைவதற்கும், குடிக்கும்போது உதட்டில் பசைபோல ஒட்டுவதற்கும் அதுதான் காரணம். ஜெலட்டின் புரதம்தான், ஆனால் குறையுள்ள புரதம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சூப்பாக ஊற்றினார்கள். இது உண்மையிலேயே ஆளைத் தாங்குமா என்று பார்க்க மஜாந்தி என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். நாய்களுக்கு வெறும் ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்து, அதை வைத்து உயிர் தாங்காது என்று 1841ல் அறிக்கை கொடுத்தார்கள். உடம்புக்கு வேண்டிய டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. என் அம்மா மூன்று வாரம் மெலிந்ததும் இந்தக் கணக்கில்தான்.

இதைப் படித்துவிட்டு சூப்பே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். வாய்க்கசப்பு, பசியின்மை, வலி மாத்திரையால் வயிற்றுப் பொருமல் என்று கிடக்கிறவருக்குச் சூடான, உப்பும் மிளகும் தூக்கலான ஒரு கிண்ணம் சூப் செய்வதை வேறு எதுவும் செய்யாது. நாக்கைத் திறந்துவிடும். அடுத்துச் சோறு இறங்கும். சூப்பைச் சோற்றுக்கு முன் அரை டம்ளர் கொடுங்கள், சோற்றுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு அம்மா பழையபடி சாப்பிட ஆரம்பித்தார்.

சரி, எந்த எலும்பு?

ஆட்டுக்கால்தான் மூன்றிலும் கெட்டி. காலின் கீழ்ப்பகுதியில் சதை கிடையாது. தோலும் நரம்பும் மூட்டும்தான். அதனால் ஜெலட்டின் இதில்தான் அதிகம் இறங்கும். ஒரு செட் என்றால் நான்கு கால். கறி விலையோடு பார்த்தால் மலிவு. ஆனால் வேலை அதிகம், அந்த வேலையில் ஒரு பங்கு விட்டாலும் சூப்பில் கவிச்சி அடிக்கும்.

கடையில் சுட்டுத்தான் கொடுப்பார்கள். அதை நம்பி அப்படியே பானையில் போடக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நான் கேஸ் அடுப்பில் நேரடித் தீயில் ஒவ்வொரு காலாக மறுபடி வாட்டுவேன். மூட்டு மடிப்பில் பொன்னிறப் பூனைமுடி நிற்கும், அது பொசுங்கும்போது வரும் வாடையை வைத்தே இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். பிறகு கத்தியின் பின்பக்கத்தால் கரியைச் சுரண்ட வேண்டும். கறுப்பு போய் அடியில் தேன் நிறத் தோல் வரும்வரை. குளம்பின் ஓடு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் கத்தியை விட்டுப் பிளந்தால் உள்ளே ஈரமாக ஒரு கொத்து முடியும் பிசுபிசுப்பும் இருக்கும். அதை அப்படியே வெட்டி எடுத்துவிட வேண்டும், வாடையின் மூலமே அதுதான். அப்புறம் மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் நுரையும் அழுக்கும் போய்விடும்.

மசாலா குறைவாக இருந்தால்தான் சூப். ஒரு செட் காலுக்குக் கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு விரல் நீள இஞ்சி, ஒரு தக்காளி, இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு கரண்டி மல்லி. எல்லாவற்றையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் சூப் கலங்கிக் குழம்பு போல ஆகிவிடும். இரண்டரை லிட்டர் தண்ணீர். உப்பு கடைசியில்தான், வற்றும் என்பதால் முதலிலேயே போட்டால் கரிக்கும்.

யாருக்கு ஆட்டுக்கால்? மெல்ல முடியாத பெரியவர்களுக்கு. கால் வெந்து குழைந்த தோலையும் நரம்பையும் விரலால் நசுக்கி அவர்கள் சாப்பிட்டுவிடலாம். உடல் தேறிக்கொண்டு, நல்ல பசியும் செரிமானமும் திரும்பியவர்களுக்கும் கொடுக்கலாம். காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு இது வேண்டாம், கனம் அதிகம். காலுக்குக் கால், ஈரலுக்கு ஈரல் என்று நம் பெரியவர்கள் சொல்லும் பொருத்தத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குடித்த ஜெலட்டின் நேராக மணிக்கட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிறு அதை அமினோ அமிலங்களாக உடைக்கிறது, உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொள்கிறது. அப்படிக் கட்டுவதற்கு வைட்டமின் சி தேவை. அதனால் இறக்கிச் சற்று ஆறியபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவதை நான் விடுவதில்லை. கொதிக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்தில் ஒரு பங்கு வீண்.

நெஞ்செலும்பு வேறு மாதிரி. இதில் எலும்போடு சதையும் கொழுப்பும் நுனியில் கடிக்கக் கடிக்க நறநறக்கும் குருத்தும் சேர்ந்து வரும். வளர்ந்த ஆட்டில் ரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை இருப்பது விலா, நெஞ்சு, முதுகெலும்புப் பகுதிகளில்தான். காலெலும்பில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பு மஜ்ஜை. சுவை சீக்கிரம் இறங்கும், குக்கரில் ஆறு விசில் போதும். சுத்தம் செய்யும் வேலை அனேகமாக இல்லை. கழுவிப் போட வேண்டியதுதான். ஆறினால் கால் சூப் அளவுக்கு உறையாது.

பாய் சொன்னது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டில் நான்கு பேர் குடிக்க, சதையையும் எல்லோரும் சாப்பிட, வாரத்துக்கு ஒரு நாள் என்றால் நெஞ்செலும்புதான் என் முதல் தேர்வு. காரணம் சதை. சூப்புத் தண்ணீரில் இல்லாத முழுப் புரதம் அந்தச் சதையில் இருக்கிறது. இதில் ஒரு முருங்கைக்காயை வெட்டிப் போடுவது நம் ஊர் வழக்கம். நான் இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும் போடுகிறேன். 100 கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சுண்ணாம்புக்காகத்தான் சூப் வைக்கிறோம் என்றால் எலும்பைவிட அந்தக் கீரையை நம்பலாம். லண்டன்காரர்கள் அளந்து சொன்னதும் இதுதானே.

நாட்டுக்கோழிக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாட்டில் இது இல்லாத வீடு தென் மாவட்டங்களில் குறைவு. நல்லெண்ணெயில் பூண்டை முழுசாக வதக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு, காரத்துக்கு வற்றல் மிளகாய் சேர்க்காமல் வைப்பார்கள். தங்கைக்கு நான் வைத்ததும் அப்படித்தான். வயிற்றில் தையலோடு எழுந்து உட்காரவே சிரமப்பட்ட நாட்களில் அவள் விரும்பிக் கேட்டது இந்த ஒன்றை மட்டும்தான். பால் சுரக்க பால்சுறாப் புட்டு, பூண்டு, இந்தச் சூப் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அவளுக்கு உதவியது நேரத்துக்குச் சூடான சாப்பாடும், நிறையத் தண்ணீர்ச்சத்தும், குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டதும். சூப் அந்த மூன்றில் இரண்டை ஒரே கிண்ணத்தில் கொடுத்தது.

சளி, காய்ச்சலுக்கும் கோழிதான். இதில் கொஞ்சம் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 1978ல் அமெரிக்காவின் மயாமியில் வெந்நீர், குளிர்ந்த நீர், கோழி சூப் மூன்றையும் குடிக்க வைத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். சூடான கோழி சூப் குடித்தவர்களுக்குச் சளி வேகமாக நகர்ந்தது. 2000ல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் என்ற மருத்துவர் தன் மனைவியின் பாட்டி காலத்துக் கோழி சூப்பை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். வீக்கத்துக்குக் காரணமான ஒரு வகை வெள்ளணுக்களின் ஓட்டத்தை அது மட்டுப்படுத்தியது. ஆய்வுக்கூடத்தில்தான், மனிதர்களிடம் அல்ல. ஆனாலும் மூக்கடைத்துக் கிடக்கும் பிள்ளைக்கு மிளகு போட்ட கோழி சூப் வைக்கிற கை தவறு செய்யவில்லை என்று நம்ப இது போதும் எனக்கு.

நாட்டுக்கோழியா, பிராய்லரா? பிராய்லர் ஐந்து, ஆறு வாரக் குஞ்சு. எலும்பு மிருது, குருத்து அதிகம், அரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஜெலட்டினும் தாராளமாக இறங்கும். ஓடித் திரிந்த நாட்டுக்கோழியின் சதை முறுக்கேறியது. பொறுமையாக வேகவைத்தால்தான் விட்டுக்கொடுக்கும், ஆனால் அந்த ருசி பிராய்லரில் வரவே வராது. சத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ருசியில் இருக்கிறது. பசியில்லாதவரைக் குடிக்க வைப்பது ருசிதான் என்பதால் நோயாளிக்கு நாட்டுக்கோழி. கையில் காசு இறுக்கமாக இருக்கும் வீட்டில் பிராய்லர் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் வாங்கி வைத்தாலும் குறை ஒன்றும் இல்லை.

கோழிக்காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கடைகளில் கழிவோடு தள்ளிவிடுகிறார்கள், கேட்டால் ஏறக்குறைய சும்மா கொடுப்பார்கள். கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் மேலுள்ள மஞ்சள் தோல் உறைபோல உரிந்து வரும். நகத்தை வெட்டிவிட்டு, அரைக் கிலோ கால்களை நாட்டுக்கோழி சூப்போடு சேர்த்து வேகவையுங்கள். ஆட்டுக்கால் சூப் போலவே உறையும், செலவு அதில் கால்வாசிகூட ஆகாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைச் சொல்வார்கள். கொல்லிமலைக்குப் போனவர்கள் வழியெங்கும் குடித்திருப்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பன்னத்தின் (பெரணிச் செடியின்) கிழங்கு அது, மேலே ரோமம் அடர்ந்து பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவித் தட்டி, மிளகு சீரகத்தோடு கொதிக்கவைத்தால் மணமான சூப். நல்ல பானம்தான். ஆனால் செடியில் கொலாஜன் கிடையாது, ஆட்டுக்காலுக்கு மாற்று என்று நினைத்துக் குடிக்க வேண்டாம். சைவ வீட்டில் எலும்பு முறிந்தவருக்கு நான் கேழ்வரகுக் கூழையும் பாலையும் பருப்பையும் முருங்கைக்கீரையையும்தான் சொல்வேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது.

இனி அடுப்பு. விறகடுப்பில் ராத்திரி முழுக்கக் கொதித்தால்தான் சூப், குக்கரில் வைத்தால் சத்துப் போய்விடும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பிரஷர் குக்கரின் பாட்டனே எலும்புக்காகப் பிறந்ததுதான். 1679ல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், கெட்டி எலும்பையும் மிருதுவாக்கச் செய்த கலம் அது. மூடிய கலத்துக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுவதால் திறந்த பானையில் நான்கு, ஐந்து மணி நேரம் எடுப்பது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆட்டுக்காலுக்கு முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 50 நிமிடம் விடுகிறேன். மூட்டு கையால் இழுத்தாலே கழன்று வந்தால் ஆயிற்று. நாட்டுக்கோழிக்கு 25 நிமிடம்.

பானை ஒரு விஷயத்தில் ஜெயிக்கும். மெல்லிய தீயில், கொதிக்காமல் ஓரத்தில் மட்டும் குமிழ் விடும்படி வைத்தால் சூப் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். பொங்கப் பொங்கக் கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து வெள்ளையாகிவிடும். வீட்டில் கல்யாணம், விருந்து என்றால் பானை. நோயாளிக்குச் செய்துகொண்டே ஆபீஸுக்கும் கிளம்ப வேண்டும் என்றால் குக்கர், அதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

கடையில் விற்கும் சூப் கட்டியையும் பொடியையும் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அவற்றில் முதன்மையாக இருப்பது உப்பு. சாயங்கால வண்டிக்கடை சூப் ருசிக்குக் குடிக்கலாம், மருந்தாக வேண்டாம். சோளமாவில் வந்த கெட்டியை எலும்பில் வந்த கெட்டி என்று நினைத்துவிடுகிறோம்.

யார் தவிர்க்க வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாசத்தால் ஊற்றி ஊற்றிக் கொடுப்பது நாம்தான். யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்களுக்கு எந்த மாமிச சூப்பும் வலியைக் கிளப்பக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் குடிக்கக்கூடாது. அவர்களுக்கு உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ், தண்ணீர் எல்லாமே அளவு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைப் பாதியாக்கி மிளகையும் எலுமிச்சையையும் கூட்டுங்கள். இதயக் கோளாறு இருந்தால் சூப்பை ஒரு ராத்திரி பிரிட்ஜில் வையுங்கள். ஆட்டுக் கொழுப்பு மேலே மெழுகுத் தட்டு போல இறுகி நிற்கும், ஒரு கரண்டியால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும். அதை எடுத்துவிட்டு அடியில் உறைந்ததை மட்டும் சூடாக்கிக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை நெஞ்செலும்பு, கீரையோடு. மாதத்துக்கு இரண்டு தரம் அம்மாவுக்காக ஆட்டுக்கால். தங்கை வந்தாலும், யாருக்காவது சளி பிடித்தாலும் கோழி. மிஞ்சுகிற சூப்பை இரவு முழுக்க அடுப்பு மேடையில் விடுவதில்லை. வேகவைத்த மாமிசத் தண்ணீரில் கிருமி வேகமாகப் பெருகும், மறுநாள் கொதிக்கவைத்தாலும் சில கிருமிகள் விட்ட நஞ்சு போவதில்லை. அகலமான பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். மூன்று நாளைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சின்ன டம்ளர் அளவாகப் பிரித்து பிரீஸரில் வைத்து, வேண்டிய அன்று ஒன்றை மட்டும் எடுத்துக் கொதிக்கவைத்தால் போதும்.